பதினோரு நட்டும் தேவதானத்து அம்பாசிடரும்

“5.6.2013, புதன், காலை 9.40. தேவதானம் அம்பாசிடர். மூன்றாம் தடவை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, அதே இடம். காரணம் தெரியவில்லை.”

கேஸ்கெட் வந்த அட்டைப் பெட்டியில் கிழித்த ஒரு துண்டில், என் கையெழுத்தில் இருக்கிற வாசகம் இது. ஓரத்தில் கிரீஸ் கறை. நாற்பத்திரண்டு ஆண்டு மெக்கானிக் வேலையில் இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு காரணம், சரியோ தப்போ, எழுதியிருக்கும். ‘தெரியவில்லை’ என்று முடிகிற துண்டு இது ஒன்றுதான்.

எங்கள் ஊர் மெக்கானிக்குகள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். இன்றைக்கு வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எழுத்தாகவே வந்துவிடுகிறது. அது இல்லாமல் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார்கள். ஸ்கேனர் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. முன்பே வந்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன். ஆனால் இந்த வண்டியில் ஸ்கேனரைச் செருக இடமும் கிடையாது, செருகியிருந்தாலும் அது சொல்லியிருக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

1978இல் பதினேழு வயதில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தேன். எட்டு வருஷம் டீசல் லாரிகளின் அடியில் கிடந்தேன். 1986 முதல், 2020இல் ஓய்வு பெறும் வரை, ராஜபாளையம் தென்காசி ரோட்டில் அழகுராஜா முதலாளியின் கார் ஒர்க்‌ஷாப். இதற்கு மேல் என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. அவர் வீட்டில் தெலுங்கு, ஒர்க்‌ஷாப்பில் தமிழ். அவரிடமிருந்து நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒரே தெலுங்குச் சொல் ‘ஆகு’. பொறு என்று அர்த்தம். வண்டி வந்து நின்றதும் யாராவது ஸ்பேனரை எடுத்தால் அந்தச் சொல் வரும். சத்தம் போட மாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு வண்டிக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். சூடேறி நின்ற வண்டி என்றால் ஓட்டி வந்தவரிடம் நான்கு கேள்விகள். எங்கே சூடேறியது? ஏற்றத்திலா, சமதளத்திலா? தண்ணீர் வெளியே ஒழுகியதா, ஒழுகாமலே குறைந்ததா? முள் சிவப்புக்குப் போன பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?

கடைசிக் கேள்விக்கு யாரும் உண்மை சொன்னதில்லை. “ஒடனே நிறுத்திட்டோம் மொதலாளி” என்பார்கள். அவர் அதை இரண்டு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வார்.

அவர் ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. நான் கேள்விப்பட்டவரை வேறெங்கும் கிடையாது. எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் அதைத் தொடப்போகிற ஒவ்வொருவரும், உள்ளே என்ன கோளாறு இருக்கும் என்று ஒரு அட்டைத் துண்டில் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. திறந்த பிறகு டப்பாவைக் கவிழ்த்து உரக்கப் படிப்போம். தப்பாக எழுதியவர் அன்றைக்குக் கழற்றிய பாகங்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். முதலாளிக்கும் இதே சட்டம். அவர் கணக்குத் தப்பிய நாட்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். வாடிக்கையாளர்கள் வந்து “என்ன ராஜா நீங்களா?” என்று கேட்டால், “தோத்துட்டேன்” என்பார்.

என்னோடு வேலை பார்த்தவர் காளிமுத்து. என்னைவிட ஆறு வயது இளையவர், வேகக்காரர். நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைத் தன் தோள்பட்டை சொல்லிவிடும் என்பார். நானோ டார்க் ரென்ச் ஆள். எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று எண்ணில் காட்டுகிற ஸ்பேனர் அது. முதலாளியிடம் நச்சரித்து அதை வாங்க வைத்தவன் நான். அதைத் துடைத்து, பெட்டியில் வைத்து, சாவியையும் நானே வைத்திருப்பேன். காளிமுத்து அதற்கு வைத்த பெயர் ‘வாத்தியார்’.

தேவதானத்து அம்பாசிடர் முதலில் எங்களிடம் வந்தது 2.5.2013, வியாழக்கிழமை. பெட்ரோல் வண்டி, எண்பதுகளின் கடைசியில் வந்தது, இரண்டு மூன்று கை மாறியது. ஓட்டி வந்தவர் சுப்பையா. தேவதானத்தில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயி. பின்சீட்டில் அவர் மனைவி பேச்சியம்மாள் காலை நீட்டிப் படுத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, செவ்வாயும் வெள்ளியும் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், வர நூறு. அந்த வண்டியை அவர்கள் வாங்கியதே பின்சீட்டுக்காகத்தான். ஒரே பலகைபோல் நீளமாகவும் சமமாகவும் இருக்கும். திரும்பும்போது தலை சுற்றும், வாந்தி வரும். உட்கார்ந்து வர முடியாது.

முதலாளி தன் நான்கு கேள்விகளைக் கேட்டார். செவ்வாயன்று திரும்பும்போது அழகாபுரி பக்கம் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது, அங்கேயே மாற்றிக்கொண்டு வந்தேன் என்றார் சுப்பையா. நான்காவது கேள்விக்கு வழக்கமான பதிலைச் சொன்னார்: “முள்ளு ஏறுன ஒடனே நிறுத்திட்டேன்.”

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “எட்டு கிலோமீட்டர் மொதலாளி. நான் தலையத் தூக்கிக் கல்லப் பாத்து எண்ணிக்கிட்டே வந்தேன். நிறுத்துங்க நிறுத்துங்கன்னேன். அவிய கேட்டாத்தான?”

முதலாளி முக்காலியிலிருந்து எழுந்து போய்ப் பின்கதவருகே நின்றார். “இருவத்தேழு வருசமா இந்தக் கேள்வியக் கேக்கேன். மொத மொதல்ல உண்மை சொன்னது நீதாம்மா” என்றார்.

ஹெட் கேஸ்கெட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் இரண்டு பகுதி. கீழே நான்கு சிலிண்டர்கள் உள்ள பிளாக். மேலே அதை மூடும் கனமான இரும்பு மூடி, அதுதான் ஹெட். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு, அதுதான் கேஸ்கெட். சிலிண்டருக்குள் எரிகிற நெருப்பு, அதைச் சுற்றி ஓடுகிற தண்ணீர், எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அந்தத் தகடு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும். வளைந்த இடத்தில் தகடு எரிந்து ஓட்டை விழும்.

அன்று நான் செய்த சோதனைகள் என் நோட்டில் வரிசையாக இருக்கின்றன. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தேன். தண்ணீரில் குமிழி வந்தது. எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தேன், பால்போல் வெளுக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தேன்; மூன்றாவதில் மட்டும் மற்றவற்றில் பாதி. அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி பார்த்தேன், ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாததால் கேஸ்கெட். மூன்று பேர் அட்டையிலும் அதையேதான் எழுதியிருந்தோம். அன்று கழுவுவதற்கு ஆளில்லாமல் எல்லோருமாகக் கழுவினோம்.

இந்த எஞ்சினில் ஹெட்டைப் பிடித்திருப்பவை பதினோரு நட்டுகள். அவற்றில் நான்கு, மேலே இருந்து வால்வுகளைத் திறக்கிற ராக்கரையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. ராக்கரை மட்டும்தானே என்று அந்த நான்கைத் தளர்த்தினால் ஹெட்டும் ஒரு பக்கம் தளரும், தண்ணீர் உள்ளே இறங்கும். ஆகவே முதலில் தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். வடித்தேன். கழற்றிய ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தேன். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. திருவில்லிபுத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஃபேசிங் செய்தேன். அதாவது அடிப்பரப்பை மெஷினில் சீவிச் சமப்படுத்துவது. 4.5.2013, சனிக்கிழமை, புதுக் கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றுச் சுற்றாக, பதினைந்து, முப்பது, நாற்பது என்று மூன்று தவணையில் வாத்தியாரைக் கொண்டு இறுக்கினேன்.

பிளாக்கிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு ஸ்டட் என்று பெயர். அவற்றின் மேல்முனை மரையில்தான் நட்டு ஏறும். “நடு வரிசையில் இரண்டு ஸ்டட் பழைய கையில் மாற்றியது, லேத்தில் கடைந்தது. மரை நன்றாக உள்ளது” என்று அன்றைய நோட்டில் எழுதியிருக்கிறேன்.

24.5.2013, வெள்ளி. மதுரையிலிருந்து திரும்பும்போது டி.கல்லுப்பட்டி அருகே வண்டி இழுக்காமல் திணறி நின்றது. மே மாத வெயிலில் பேச்சியம்மாள் இரண்டரை மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் படுத்திருந்தார். கார்களைக் கை காட்டி நிறுத்திப் பார்த்திருக்கிறார் சுப்பையா. கடைசியில் வைக்கோல் லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது.

திறந்து பார்த்தோம். இந்தத் தடவை எரிந்திருந்தது இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவே. ஹெட்டின் நடுவில் மறுபடி லேசான பள்ளம். மறுபடி ஃபேசிங், மறுபடி புதுக் கேஸ்கெட். 27ஆம் தேதி, திங்கள், மாட்டினேன். இந்தத் தடவை கூடுதல் கவனம். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஒன்பது நட்டுகள் ஒரு மயிரிழை திரும்பின. நடுவில் இருந்த இரண்டு மட்டும் அசையவே இல்லை. ரென்ச் உடனே நாற்பதைக் காட்டியது. அந்த இரண்டின் எதிரே நோட்டில் ‘மிக நன்று’ என்று எழுதினேன்.

4.6.2013, செவ்வாய். மதுரை போகிற வழியில் கிருஷ்ணன்கோவில் தாண்டி நின்றது. அன்றைய டயாலிசிஸ் தவறியது. வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை காலை சுப்பையா மனைவியோடு வந்தார். ராஜபாளையத்தில் தங்கை வீட்டில் இரவு தங்கியிருந்தார்கள். பேச்சியம்மாளின் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன, முகமும் ஊதியிருந்தது. முந்தின வெள்ளிக்குப் பிறகு ஐந்து நாள் ஆகிவிட்டது. மறுநாள் வியாழன் காலை பதினொரு மணிக்கு மதுரையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

“வாடகைக் கார் சொல்லிருதேன் மொதலாளி. இவ கேக்க மாட்டேங்கா” என்றார் சுப்பையா.

பேச்சியம்மாள் நேராக அம்பாசிடரின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டார். “ஒரு தடவ போனேம்லா வாடகைக் கார்ல. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். அந்தத் தம்பி ஒண்ணும் சொல்லல. கண்ணாடிய எறக்கி விட்டுட்டு, மூக்க மட்டும் வெளிய வச்சுக்கிட்டே மதுரையிலேருந்து வந்தான். அந்த நெனப்போட இன்னொரு தடவ ஏற மாட்டேன். இது என் வண்டி. நான் என்ன செஞ்சாலும் நாந்தான் கழுவப்போறேன்.”

“ஏட்டி, நாளைக்கும் போகலன்னா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாருல்லா?”

“சொன்னாரு. இந்த வண்டி ஓடலன்னா இனிமே நான் போகல. அம்புட்டுத்தான். பாதி வழியில வெயில்ல கெடக்கறதுக்கு வீட்ல கெடந்துக்கிடுதேன்.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. முடிவெடுத்த குரல் அது. சுப்பையா எங்களைப் பார்த்தார். நான் கம்ப்ரஷன் பார்க்கப் போனேன்.

அதன் பிறகுதான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள அட்டையை எழுதினேன். கம்ப்ரஷன் பார்த்தாயிற்று, இரண்டும் மூன்றும் சேர்ந்தாற்போல் விழுந்திருந்தன. இடம் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை. வழக்கமாகத் திறந்த பிறகே டப்பாவைக் கவிழ்ப்போம். அன்று முதலாளி முன்கூட்டியே கவிழ்த்தார். காளிமுத்துவின் அட்டையில் “பிளாக்கே வளைந்துவிட்டது” என்று இருந்தது. முதலாளியின் அட்டையில் ஊகம் எதுவும் இல்லை. “மூன்றாவது தடவை ஹெட்டைச் சீவக் கூடாது” என்று எழுதியிருந்தார்.

“ஏன் மொதலாளி?” என்றேன்.

“ரெண்டு தடவ சீவினோம். சரியாச்சா?”

“இல்ல.”

“அப்ப அது மருந்து இல்ல. என்னன்னு எனக்குத் தெரியல. நீதான் எல்லாத்தையும் எழுதி வைப்பியே. எடுத்துப் படி.”

காளிமுத்து சிரித்தார். “செபஸ்தியண்ணே, வாத்தியாரு என்ன சொல்லுதாரு? நாப்பதுன்னா நாப்பதுதான?”

பின்சீட்டிலிருந்து பேச்சியம்மாள் சேர்ந்துகொண்டார். “அண்ணாச்சி, எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்தம் சுத்தம் பண்ணுதாக. இதுக்கு வாரத்துக்கு ஒருக்க மண்டையத் தொறக்கீய. ரெண்டு பேர்ல யாரு முந்தப் போறோம்னு பந்தயம் கட்டுவமா?”

“சும்மா கெட ஏட்டி” என்றார் சுப்பையா.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்க மட்கார்டில் விரித்து வைத்தேன். வரலாறு படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதில் எனக்குப் பிடித்தது மன்னர்களோ போர்களோ அல்ல. இரண்டு தேதிகளை அருகருகே வைத்தால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது தெரியவருவதுதான். மே 4இல் மாட்டியது, மே 24இல் போனது: இருபது நாள். மே 27இல் மாட்டியது, ஜூன் 4இல் போனது: எட்டு நாள். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை நான் அதிகக் கவனம் எடுத்துக்கொண்டேன். ஆனால் பாதி நாள்கூடத் தாங்கவில்லை. கைவேலை மோசம் என்றால் கவனம் கூடக்கூட நாள் கூட வேண்டும். இங்கே குறைகிறது. நான் செய்த ஏதோ ஒன்றுதான் அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு தடவைக்கும் நடுவே மாறியது என்ன? கேஸ்கெட் அதே கடை, அதே ரகம். தண்ணீர் அதே. இறுக்கிய எண் அதே. மாறியது ஒன்றே ஒன்று. ஹெட்டின் உயரம் குறைந்திருக்கிறது. நான்தான் இரண்டு தடவை சீவினேன்.

ஹெட் குட்டையானால் என்ன? நட்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். கீழே மரை இருக்கும் வரை இறங்கும். மரை முடிந்த இடத்தில்?

பக்கத்தைத் திருப்பினேன். ‘நடு வரிசையில் இரண்டு ஸ்டட் மாற்றியது.’ அடுத்த பக்கம்: ‘இரண்டு நட்டு அசையவில்லை. மிக நன்று.’

புதுக் கேஸ்கெட் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். அதனால் மறுபடி இறுக்கும்போது ஒவ்வொரு நட்டும் சிறிதாவது திரும்பியே ஆக வேண்டும். அசையாத நட்டு நல்ல நட்டு அல்ல. அது ஹெட்டை அழுத்தவே இல்லை. ஸ்டட்டில் மரை முடிகிற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. முட்டிக்கொண்டு நிற்கிற நட்டைத் திருகினாலும் ரென்ச் நாற்பதைத்தான் காட்டும். வாத்தியார் பொய் சொல்லவில்லை. அவரிடம் நான் கேட்ட கேள்விதான் தப்பு.

“மொதலாளி, ஹெட்டக் கழத்த வேண்டாம். செத்த நேரம் பொறுங்க” என்று ஒரு சிறிய ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ஒவ்வொரு நட்டின் கீழும் ஒரு வாசர், நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தகடு, இருக்கும். நட்டு உண்மையிலேயே ஹெட்டை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த வாசரைச் சுத்தியலால் அடித்தாலும் திருப்ப முடியாது. ஓரத்து நட்டின் வாசரில் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்துத் தட்டினேன். கல் மாதிரி நின்றது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. நடு வரிசைக்கு வந்தேன். தட்டவே இல்லை. முனையை வைத்துத் தள்ளினேன். வாசர் திரும்பியது. விரலால் தள்ளினேன். விரலுக்கும் திரும்பியது.

முதலாளி குனிந்து தன் சுண்டு விரலால் அதைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் திருப்பினார். நிமிர்ந்து, “பாகுந்தி” என்றார். நன்றாக இருக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லை அவர் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

காளிமுத்து தானும் வாசரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எண்ணே, அப்பச் சோலி சுலபம். ரெண்டு வாசரக் கூடுதலாப் போட்டு இறுக்குனாப் போதும். புதுக் கேஸ்கெட்டு, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்” என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. தடித்த வாசர் போட்டால் நட்டு மேலே நிற்கும், அழுத்தும். பலரும் அப்படித்தான் செய்வார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். “நீ என்ன சொல்லுதே? அந்தம்மா நாளைக்குக் காலையில போகணும்.”

“நாளைக்கு மட்டும்னா வாசர் போதும்” என்றேன். “இந்த ரெண்டு ஸ்டட்டையும் எந்த இரும்புல கடைஞ்சாங்கன்னு நமக்குத் தெரியாது. இருவது நாள் கழிச்சு அது நீண்டு குடுத்துச்சுன்னா மறுபடி கல்லுப்பட்டிதான். கம்பெனி ஸ்டட்டுதான் போடணும்.”

“எங்க இருக்கு?”

“நாம டீ குடிக்கும்போது உக்காருற எடத்துல.”

ஷெட்டுக்குப் பின்னால் வெடித்துப்போன பழைய அம்பாசிடர் பிளாக் ஒன்று கிடந்தது. பல வருஷமாக எங்களுக்கு அதுதான் பெஞ்சு. அதில் கம்பெனி ஸ்டட்டுகள் அப்படியே நின்றன. ஒரு ஸ்டட்டின் மேல் இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று பூட்டிப் பிடிக்கும்படி எதிரெதிராக இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் ஸ்டட் கழன்று வரும். முதலாவது உடனே வந்தது. இரண்டாவது துருப்பிடித்து அடம்பிடித்தது. ஊதுவிளக்கால் பிளாக்கைச் சுற்றிச் சூடேற்றி, மண்ணெண்ணெய் விட்டு, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி, ஒன்றேகால் மணி நேரம். அதைக் கழற்றியது காளிமுத்துவின் தோள்பட்டைதான். அதையும் எழுதிவிட வேண்டும். வெர்னியர் வைத்து அளந்தேன். கம்பெனி ஸ்டட்டில் மரை, லேத்தில் கடைந்ததைவிட ஐந்து மில்லிமீட்டர் அதிகம் கீழே இறங்கியிருந்தது. அந்த ஐந்து மில்லிமீட்டர்தான் இரண்டு கேஸ்கெட்டையும் ஒரு டயாலிசிஸையும் தின்றது.

பிறகு ஹெட்டைக் கழற்றினோம். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தேன். பள்ளம், அளவுக்குள் அடங்குகிற மிகச் சிறியது. சீவவில்லை. பிளாக்கின் முகத்தையும் பார்த்தேன், வளையவில்லை. ஸ்டட்டுகளை மாற்றி, எல்லாப் பரப்பையும் துடைத்து, புதுக் கேஸ்கெட் வைத்து, மூன்று சுற்றாக இறுக்கினேன். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பதினோரு வாசர்களையும் ஸ்குரூ டிரைவரால் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை எந்த ஹெட்டை மாட்டினாலும் வாசரைத் தள்ளிப் பார்க்காமல் நான் கையைத் துடைத்ததில்லை.

வேலை முடிந்தபோது மாலை ஐந்தேகால். மூன்று பேரும் தப்பாகவோ தெரியாமலோ எழுதியிருந்ததால் மூன்று பேருமே கழுவினோம். கழுவிய கையோடு பின்கதவருகே போனேன். பேச்சியம்மாள் விழித்துத்தான் இருந்தார்.

“தப்பு வண்டி மேல இல்லம்மா. ஒங்க வீட்டுக்காரர் மேலயும் இல்ல. மொதத் தடவையே அந்த ரெண்டு ஸ்டட்டயும் நான் பாத்தேன். அளக்கல. ரெண்டாந் தடவ அது என்கிட்டச் சொல்லவும் செஞ்சது. நான் நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். கல்லுப்பட்டி வெயிலும் நேத்துப் போகாம விட்டதும் என் கணக்கு.”

அவர் தலையைத் தூக்கினார். “இதையும் எழுதி வச்சாச்சா?”

“எழுதிட்டேன்.”

“தேதி போட்டு?”

“போட்டு.”

“அப்பஞ் சரி. வண்டிய எடுங்க.”

திருவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவரை இறங்கச் சொன்னேன். “நாளைக்கு என்னய வச்சுத்தான ஓட்டணும்? ஆளில்லாம ஓட்டிப் பாத்து என்ன பிரயோசனம்?” என்று இறங்க மறுத்துவிட்டார். முதலாளி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மூன்றாவது கியரில் வேண்டுமென்றே இழுக்கவிட்டு ஓட்டினேன். முள் நடுவிலேயே நின்றது. கோபுரம் தெரிந்ததும் வண்டியைத் திருப்ப நிறுத்தினேன். எதிரே பால்கோவாக் கடை. “ஒரு துண்டு திங்கக் கூடாதுங்கான் அந்த டாக்டரு. ஆளும் கடையுமா நிறுத்தி வச்சு எங்கிட்டக் காட்டுதீய” என்று பின்சீட்டிலிருந்து வசவு. முதலாளி வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வந்ததும் எஞ்சினை நிறுத்தி, முக்காலியில் உட்கார்ந்தார். ஹெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து இருபது எண்ணும் வரை எடுக்காமல் இருக்க முடிந்தால்தான் அது ஆறியதாக அவர் கணக்கு. ஆறியதும் மறுபடி இறுக்கினேன். பதினொன்றும் மயிரிழை திரும்பின, அந்த இரண்டும்.

“ஏங்க, காலையில ஆறரைக்கு வண்டிய எடுத்துருங்க” என்றார் பேச்சியம்மாள், கணவரிடம். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் வாரீய. நின்னா ஒங்களத்தான் தள்ளச் சொல்லணும்.”

6.6.2013, வியாழன். நானும் போனேன். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணன்கோவிலைத் தாண்டினோம். கல்லுப்பட்டியைத் தாண்டினோம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி 9.05. பை திறக்கப்படவில்லை. திரும்பும்போது அவர் ஒரு தடவை வாந்தி எடுத்தார், ஒரு தடவை என்னைத் திட்டினார், திருமங்கலத்துக்குப் பிறகு தூங்கிவிட்டார். அப்படித் தூங்கிக்கொண்டு வந்த ஒரு ஆளை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியதைவிடப் பெரிதாக என் தொழிலில் நான் எதையும் செய்யவில்லை.

மறுநாள் அவர்கள் வந்தபோது ஒவ்வொரு நட்டிலும், வாசரையும் ஹெட்டையும் தொடும்படி ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இழுத்துவிட்டேன். யாராவது நட்டைத் தொட்டால் கோடு உடையும். பக்கத்திலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள வழி கிடைத்ததும், 26.5.2017, வெள்ளியோடு அவர்களுடைய மதுரைப் பயணம் முடிந்தது. அடுத்த மாதம் செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் அந்த வண்டியை வாங்கி எங்களிடமே பார்க்கக் கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்தேன். பதினோரு கோடும் உடையாமல் இருந்தன. நான்கு வருஷம் அந்த ஹெட்டை யாரும் திறக்கவில்லை. இது நான் கண்ணால் பார்த்தது.

அந்த நான்கு வருஷத்தில் எத்தனை தடவை மதுரை போய் வந்தது என்று இந்தக் கட்டுரைக்காகத் தெரிந்துகொள்ள விரும்பினேன். கிலோமீட்டர் மீட்டரின் கேபிள் அறுந்து கிடந்த வண்டி, அதனால் அது உதவாது. போன மாதம் தேவதானத்துக்குப் போய் பேச்சியம்மாளையே கேட்டேன். இளைத்திருக்கிறார், வாய் இளைக்கவில்லை.

“நானூத்திப் பதினொண்ணு” என்றார், யோசிக்காமல்.

“எப்படிச் சொல்லுதீய?”

“படுத்துக்கிட்டு வேற என்னத்தப் பாக்க? தலைக்கு மேல கூரைத் துணிதான. நீங்க கூட வந்தீயள்லா, அன்னையிலேருந்து ஒவ்வொரு தடவ வீடு வந்து சேந்ததும் பேனாவால ஒரு கோடு. ஒங்களுக்கு மட்டுந்தான் எழுதத் தெரியுமா?”

வீட்டுக்கு வந்து நாட்காட்டியை வைத்துக் கணக்குப் பார்த்தேன். அந்த வியாழனையும் சேர்த்து (அந்த வாரம் வெள்ளி முறை கிடையாது) 26.5.2017 வரை, செவ்வாயும் வெள்ளியுமாக நானூற்றுப் பதினைந்து வருகிறது. நான்கு கூடுதல். நடுவே இரண்டு வாரம் காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்ததாகச் சுப்பையா சொன்னார்; அது நான்கு. கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. இருந்தாலும் நேரில் எண்ணிவிடலாம் என்று செட்டியார்பட்டிக்குப் போனேன். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கூரைத் துணியை இரண்டு வருஷத்துக்கு முன்பே கிழித்துப் போட்டுவிட்டுப் புது ரெக்சின் ஒட்டியிருந்தார்கள். பழையதை என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கு நினைவில்லை.

ஆகவே நானூற்றுப் பதினொன்று என்பது பேச்சியம்மாள் சொன்ன எண். நான் எண்ணிப் பார்த்தது அல்ல.